நீ இறக்கிவைத்த எண்

புதுக் கருவி இன்று காலை வந்தது. ரவாங்கில் நான் வேலை பார்க்கும் வார்ப்பட ஆலையின் அலுவலகத்துக்கு. பெட்டியைத் திறந்து, பஞ்சுத் திரியை நீரில் நனைத்து, வெப்பமானியின் முனையில் மாட்டினேன். ஈரத் துணி வாடை. உன் கழுத்துத் துண்டின் வாடை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சின்னக் கருவிதான். ஒரு கையில் தூக்கலாம். ஆரஞ்சுப் பழ அளவில் கறுப்புச் சாயம் பூசிய செம்புப் பந்து ஒன்று. அது அனலை வாங்கும். ஈரத் திரி சுற்றிய வெப்பமானி ஒன்று. வியர்வை காயுமா காயாதா என்று அது சொல்லும். காற்றுக்கு இன்னொன்று. மூன்றையும் சேர்த்து ஓர் எண். அந்த எண் உயர்ந்தால், அங்கே நிற்கும் மனிதனுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

என் ஆய்வுக்காக உன் ஆலையில் அனலை அளக்க வந்தேன். அன்று புக்கிட் ரோத்தான் பஸ் நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தாய். ஒரே தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் பல்கலைக்கழகம் போனேன். நீ பதினேழு வயதில் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லருக்குப் போனாய்.

"என்னா புரொபசர், குண்டு கிண்டு கொண்டாந்திருக்கியா?"

"டேய், பாத்து ஓட்டு. லெக்சரரோட மிஷின். ஒடஞ்சா என் படிப்பு போச்சு."

"ஒடையாதுலா. புள்ளயப் புடிக்கிற மாதிரி புடிச்சிக்க."

ஒடஞ்சா படிப்பு போச்சு. இதைச் சொல்ல மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். உலை வாயில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் அள்ளிப் போட ஒருவர், சாம்பல் இழுக்க ஒருவர். மூன்றாவது ஆள் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முறை வைத்து ஒருவர் வெளியே போய் நிற்கலாம் என்று. நிர்வாகி, உங்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லியிருந்தார்: மிஷின் வரட்டும், அது சொல்கிறபடி செய்கிறேன். மில்லில் எல்லாருக்கும் இது தெரியும். உனக்கும் தெரியும். எண் மேலே போனால்தான் ஆள் கிடைக்கும் என்பது மட்டும் உனக்குத் தெரியாது. பாய்லர்காரனிடம் போய் அனலைப் பற்றி விளக்குவதா என்று நினைத்தேன். அல்லது நினைக்கவே இல்லை.

கருவியை உலைக்கு எதிரே முக்காலியில் நிறுத்தினேன். அந்த வேலைக்கான வரம்பு எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். சிவப்பு மையில். கால் மணிக்கு ஒரு தரம் எண்ணைப் பார்த்து இந்தத் தாளில் எழுது என்றேன். அப்போது ஆலையின் இஞ்சினியர் கூப்பிட்டார். அறையில் ஏர்கோன். ஐஸ் காப்பி. என் ஆய்வைப் பற்றி அக்கறையாகக் கேட்டார். நானும் சொன்னேன், ஒரு மணி நேரம்.

திரும்பி வரும்போது இஞ்சினியரும் கூடவே வந்தார். நீ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றாய். தாளில் நான்கு எண்கள். முதல் எண் வரம்புக்கு மேலே. மற்ற மூன்றும் கீழே. கருவியும் அப்போது கீழேதான் காட்டியது. முதல் எண் கருவி நிலைப்படுவதற்கு முன் வந்ததாக இருக்கும் என்றார் இஞ்சினியர். அளந்தவர் என்ற இடத்தில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அழகாகப் போட்டாய். அவர் ஒரு பிரதியோடு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் என் தோளில் தட்டினாய்.

"ஒன் மிஷினக் காப்பாத்திட்டேன் மச்சான். நம்பரு விறுவிறுன்னு ஏறி செவப்பத் தாண்டிடுச்சு. வெடிச்சிருமோன்னு பயந்தே போயிட்டேன். தகரத்த மறைப்பா வெச்சு, துண்ட நனச்சு அந்தக் கறுப்பு உருண்ட மேல போட்டேன். கடகடன்னு எறங்கிடுச்சு."

"நான் வரும்போது அதுமேல ஒண்ணும் இல்லியேடா?"

"பாஸ் வராருன்னு ரெண்டயும் எடுத்துட்டேன்லா. அழுக்குத் துண்டு. ஒனக்குத்தானே அசிங்கம்?"

பாய்லரில் ஒன்பது வருடம். மீட்டர் சிவப்பைத் தொட்டால் எப்படியாவது இறக்க வேண்டும். அந்த வேலையில் கை முந்திக்கொள்ளும், யோசனை அப்புறம்தான். உன் கையில் தப்பே இல்லை. சிவப்பு மையில் எழுதியது என் கை.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். இஞ்சினியர் பொறுமையாகக் கேட்டார். கருவி உங்களுடையது, அளந்த ஆளை நிறுத்தியது நீங்கள், எண் பிடிக்கவில்லை என்று இப்போது துண்டு, தகரம் என்கிறீர்களா? மறுபடி அளக்கலாம் என்றேன். மறுநாள் முதல் பாய்லர் பழுதுபார்ப்புக்கு நிற்கும் என்றார். வெள்ளிக்கிழமை நான் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லெக்சரர் இன்னும் சுலபமாக முடித்தார்: அந்த இடத்தை ஆய்விலிருந்து எடுத்துவிடு. எடுத்தேன். என் ஆய்வு சுத்தமானது. ஆலையின் பிரதி ஆலையிலேயே இருந்தது. இவ்வளவையும் நான் ஒரு வரி எழுதி எங்கும் கொடுக்கவில்லை. வாயால் சொன்னேன். எழுதப் படித்தவன்.

அந்தத் துண்டு என்ன செய்துவிட்டது என்று உன்னிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மண்டோர் சொல்லி உனக்குத் தெரிந்தது. கோலா சிலாங்கூரில், ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடையில், என் எதிரே உட்கார்ந்து தட்டில் இருந்த மீ கோரேங்கைக் கிளறிக்கொண்டிருந்தாய்.

"அன்னிக்கே ஏண்டா சொல்லல?"

"ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்."

"இப்ப மட்டும் இனிக்குதா? மில்லு பூரா என்னயப் பாத்துச் சிரிக்குது. அவனவன் துண்ட எடுத்து என் தலையில போடுறான்." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். "ஏறணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னும் பத்து சவளு ஓடு அள்ளிப் போட்டிருப்பேன்லா. ஒன் மிஷின் அழுதிருக்கும்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். நீ அதற்காகத்தான் சொன்னாய்.

அதற்கு இரண்டாவது வருடம், மழையே இல்லாத ஒரு மாதத்தில், பகல் ஷிப்டில் உலைக்கு எதிரே தரையில் விழுந்தாய். கூட இருந்தவன் சாம்பல் கொட்டப் போயிருந்தான். அவன் வந்து பார்க்கும்போது உன் உடம்பில் வியர்வையே இல்லை, தோல் காய்ந்து கொதித்தது என்றான். ஆஸ்பத்திரித் தாளில் இருதயம் என்று எழுதியிருந்தது. உனக்கு இருபத்தெட்டு வயது.

வேலையால் வந்த சாவுதான் என்று உன் அண்ணன் எழுதிப்போட்டார். விசாரணை நடந்தது. ஆலை கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். நான்கு எண்கள். கீழே உன் கையெழுத்து. அவரே அளந்தார், அவரே ஒப்புக்கொண்டார் என்றார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எழுந்து சொன்னேன்: துண்டு, தகரம், சிவப்பு மை, எல்லாம். விசாரித்தவர் மரியாதையான மனிதர். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"துண்டு போட்டதை நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை."

"யார் சொன்னது?"

"அவன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அதற்குமேல் அவர் கேட்க என்ன இருக்கிறது? வெளியே வந்ததும் உன் அண்ணன் என்னோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ் வரும்வரை பக்கத்தில்தான் நின்றார். க்ளாங் பஸ் வந்தது. ஏறிப் போனார்.

உன்னைப் பற்றி நான் முழுதாக எழுதுவது இன்றுதான். வருடங்கள் போய்விட்டன. இது யாருக்கும் எதையும் நிரூபிக்காது. அந்தப் பாய்லரில் இன்னும் இரண்டு பேர்தான்.

படிப்பிலிருந்து எனக்கு நிறைய மறந்துவிட்டது. மிஞ்சியது ஒரு பழக்கம். கருவியை எங்கே நிறுத்தினாலும் நானும் பக்கத்திலேயே நிற்கிறேன். யார் கூப்பிட்டாலும் போவதில்லை. எண் ஏன் ஏற வேண்டும் என்பதை முதலில் அங்கே வேலை செய்கிறவரிடம் சொல்கிறேன். அவர் திருப்பிச் சொல்லும்வரை சொல்கிறேன். பிறகு நிற்கிறேன். இருபதாவது நிமிடத்தில் கண் எரியும். நாற்பதாவது நிமிடத்தில் யார்மேல் என்று தெரியாமல் கோபம் வரும். ஒரு மணி நேரம் ஆனதும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிடலாம். வந்துவிடுகிறேன்.