நீலக் கயிறு கட்டிய மரங்கள்

4, திங்கள்
விடியலிலிருந்தே மழை. பூட்சுக்குள் தண்ணீர். வாங்க: உப்பு, கொசுச்சுருள், வீட்டுக்காரருக்கு முதுகுத் தைலம்.

மகள் பாப்பா வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை தருகிறேன் என்கிறார் மேனேஜர். பல்கலைக்கழகத்து டீச்சரம்மா, பட்டம் முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் இருந்து ஆராய்ச்சி செய் என்கிறார். என்ன ஆராய்ச்சி? செம்பனைப் பழம் உதிர்ந்து கீழே கிடந்தால் எத்தனை நாளில் கெடும் என்று. இருபது வருஷமாக நான் பொறுக்குகிற பழம்.

"அதுக்கு எதுக்குடி ஒரு வருஷம்? எங்கிட்ட விடு. ஒரே நாள்ல பொறுக்கிப் போட்டு உன் படிப்ப முடிச்சு வச்சிடுறேன்."

வீட்டுக்காரர் சிரித்தார். பாப்பா சிரிக்கவில்லை. "நீ எல்லாத்துக்கும் இப்படித்தான் லா."

எனக்குக் கிராணி வேலைதான் பிடித்திருக்கிறது. காத்தாடிக்குக் கீழே உட்காரலாம்.

5, செவ்வாய்
வெயில். பக்கத்து வரிசையில் பழம் பொறுக்கும் ராணிக்குக் காய்ச்சல். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என்னை அவள் வரிசைக்கு மாற்றினார். புது ஆள், போன வாரம்தான் ரெம்பாவ் பக்கமிருந்து வந்தார்.

பதினாலு மரத்தில் நீலக் கயிறு. செக்கிங் வருமுன் இப்படித்தான் கட்டுவார்கள். அந்த மரத்தடியில் ஒரு பழம் கிடந்தாலும் மண்டோருக்கு ஏச்சு. பாவம், புது மனுஷன். புல்லுக்குள் கைவிட்டு ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். அழுகியதைக்கூட. இந்த ராணி இத்தனை நாள் என்ன கிழித்தாள் என்று சிரிப்பு வேறு.

மாலை வீட்டில்தான் தெரிந்தது. கயிறு கட்டியது பாப்பா. மேனேஜரிடம் கேட்டு, ராணியிடம் தொடாதே என்று சொல்லி, ஆராய்ச்சிக்கென்று மூன்று வாரமாகக் கிடக்கவிட்ட பழம்.

"நேத்து சொன்ன. இன்னிக்கு செஞ்சிட்ட."
"சத்தியமா தெரியாதுடி."
"உன் சத்தியம்கூட விளையாட்டுதான்மா."

கதவைச் சாத்திக்கொண்டாள். எந்த மரம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேலி பண்ணத்தான் நேரம் இருந்தது.

6, புதன்
மந்தாரம். கை காப்புக் காய்த்த இடத்தில் எரிச்சல். பாப்பா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ரந்தாவிலிருந்து அவர் நாசி லெமாக் சோறு வாங்கி வந்தார், பிரிக்கவே இல்லை.

டீச்சரம்மா போன். முதலிலிருந்து செய்ய வேண்டுமாம், மழைக்காலமும் சேர்த்து, முழு வருஷம். முடியாதென்றால் தப்பாக நினைக்க மாட்டாராம்.

"கிராணி வேலைக்கே போயிடு பாப்பா" என்றார் வீட்டுக்காரர்.
"சரிப்பா. அம்மாவும் அதத்தானே கேட்டுச்சி."

கேட்டதுதான். கிடைத்தும் விட்டது. என் தட்டையும் மூடி வைத்தேன்.

7, வியாழன்
ராணிக்கு இன்னும் காய்ச்சல். உப்பு மறந்துவிட்டேன்.

வேலை முடிந்து கேட்டேன். "எந்த மரம்டி? வா, காட்டு."
"இப்ப எதுக்கு?"
"இத்தன நாளு கேக்கல. இப்ப கேக்குறேன்."

முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நிழல் மரம் இது, வெயில் மரம் இது, இது சரிவு. நோட்டைப் பார்த்தே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. நாக்கு நுனிவரை இரண்டு கேலி வந்தது. விழுங்கினேன்.

ஒன்பதாவது மரத்தடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சும்மா இருக்க முடியவில்லை. "வெயில விட, தண்ணி நிக்கிற எடத்துலதான் மொதல்ல கெடும்."

நின்றாள். "எத்தன நாள்ல?"

குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். "தெரியலடி. கெடக்க விட்டதே இல்லையே. பொறுக்கிடுவோம்."

"யாருக்குமே தெரியாதும்மா" என்றாள். "அதான்."

திரும்பி வரும்போது முன்னால் போகாமல் பக்கத்தில் நடந்தாள்.

8, வெள்ளி
லேசான தூறல். காலையில் ஆபீசுக்குப் போய், கிராணி வேலை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். டீச்சரம்மாவுக்கும் எழுதிவிட்டாள். வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகு, ஒரு வருஷம்தானே என்று அவரே சொல்லிக்கொண்டார். எனக்கும் பயம்தான்.

ராணி வரிசையில் நான். கயிறு கட்டிய மரத்தடியில் புதுப் பழம், சிவப்பாக, அள்ளு அள்ளு என்று. கை தானாகப் போகிறது. இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

பின்னால் மண்டோர். "என்னக்கா, கண்ணு தெரியலையா? பழம் கெடக்குது."
"கெடக்கட்டும் தம்பி."
"கெடக்கட்டுமா? எத்தன நாளைக்கி?"
"தெரியல. அதத்தான் பாக்குறோம்."