என் அறையில் ஊறுகிற கல்

மார்ச் 3

மாப்பிள்ளை இன்று கல் வாங்கி வந்தார். கடலுக்குள் கிடந்த கல். உயிர்க்கல் என்று பெயர். உயிர் கல்லுக்கு இல்லையாம், அதன் பொந்துகளில் குடியிருக்கும் புழு பூச்சிகளுக்குத்தானாம். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் மீன்களின் தண்ணீரை அதுவே சுத்தமாக வைத்துக்கொள்ளுமாம்.

ஈரத் தாளைப் பிரித்ததும் நாற்றம் கூடமெங்கும் பரவியது. வழியில் செத்துப்போனவை அழுகுகின்றன. அழுகி முடியும்வரை தனியாக, உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும். அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று மகள் கேட்டாள்.

"மாமா ரூம்லதான். வேற எங்க?"

என்னை யாரும் கேட்கவில்லை. இந்த வயதில் எழுதப் படித்துக்கொண்டேன், எழுத விஷயம்தான் இல்லை என்றிருந்தேன். மாப்பிள்ளை தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 4

வெளிச்சம் பட்டால் கல்லில் பாசி படருமாம். என் சன்னலுக்குக் கறுப்புத் துணி. கதவோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 8

வேலை முழுக்க என் தலையில். வெள்ளையாகச் சவ்வு படிந்த இடங்களைப் பழைய பல் பிரஷால் தேய்க்கிறேன். தண்ணீரை மாற்றுகிறேன். கை கழுவியும் நாற்றம் போவதில்லை. சாப்பிடும்போது மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

ஆனால் இன்று ஒரு பொந்திலிருந்து நூல் மாதிரி ஒரு கை நீண்டது. துழாவியது. உள்ளே போய்விட்டது. ஆகா! இவ்வளவு நாற்றத்திலும் ஒருவன் பிழைத்துக் கிடக்கிறான். மகளைக் கூப்பிட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பார்க்கிறேன் என்று போய்விட்டாள்.

மார்ச் 12

தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. உப்புத் தண்ணீரையே ஊற்றிவிட்டேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானாம், உப்பு தங்கிவிடுமாம். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். முன்பே சொல்லியிருந்தால் என்ன? அந்தக் கை வெளியே வரவே இல்லை.

மார்ச் 15

நாளை மாப்பிள்ளையின் மேலதிகாரி விருந்துக்கு வருகிறார். கல்லை இன்றே மீன் தொட்டியில் அடுக்க வேண்டுமாம். இன்னும் நாறுகிறது, அழுகல் நஞ்சைக் காட்டும் சோதனை மருந்து விட்டால் தண்ணீர் பச்சையாகிறது, மஞ்சளாக நின்றால்தானே ஆகும் என்றேன்.

"உங்க ரூமே அப்படித்தான் மாமா நாறும்."

மகள் சிரித்துவிட்டாள். அதுதான் — அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 16

கல் அடுக்கிய தொட்டியில் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. மேலதிகாரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 17

மாப்பிள்ளை போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்ல பெரியவர் ஒருத்தர் இருக்கார்ல, உப்பத் தப்பாப் போட்டுட்டார்." மகள் பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னபோதும் அங்கேதான் இருந்தாள். கத்தி நிற்கவில்லை.

சொல்லிட்டுப் போகட்டும். எனக்கென்ன? எனக்கென்னவா? வயிறு எரியுது.

கல் திரும்ப என் அறைக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 7

நாற்றம் போய்விட்டது. நல்ல கடல் வாசனை. மருந்து விட்டுப் பார்த்தேன், மஞ்சள். நாலு தரம் பார்த்தேன், நாலு தரமும் மஞ்சள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

கடையில் புது மீன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறாராம் மாப்பிள்ளை. இவையும் செத்தால் அவருக்கு மானம் போய்விடும். காலையில் என் அறை வாசலில் வந்து நின்றார். இந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவர் அங்கே நின்று பார்த்ததில்லை.

"மாமா, நீங்க சொன்னாத்தான் எடுப்பேன். ஆயிடுச்சா?"

நிதானமாகக் குனிந்து முகர்ந்தேன். கல்லைப் புரட்டி இன்னொரு தரம் முகர்ந்தேன்.

"இன்னும் ஆகல மாப்ள. நாளைக்கு வந்து கேளுங்க."

ஏப்ரல் 11

வந்து கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றேன்.