குமணன்சாவடி வாட்ச்காரர்கள்

11-2-1945, ஞாயிறு

ஓய்வு நாள். அம்பத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்துக் குமணன்சாவடி போய்ச் சேர்வதற்குள் எதிர்க்காற்றில் மூச்சு வாங்கிவிட்டது. கோவிந்தனின் சைக்கிள் கடையில் வழக்கம்போல் நாங்கள் நாலு பேர். இந்தப் பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நாலு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் போகிற வருகிற வண்டிக்காரர்கள் நின்று பார்க்காமல் என்ன செய்வார்கள்!

என்னுடைய வெஸ்ட் எண்ட் வாட்சுக்குத்தான் எல்லோரும் திருத்திக்கொள்கிறார்கள். அதில் என் பெருமை ஒன்றுமில்லை. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் ரயில்வே ஸ்டேஷனுக்குத் தந்தியில் நேரக் குறி வரும். தந்தி சிக்னலர் என்ற முறையில் அதை முதலில் கேட்கிறவன் நான். பூந்தமல்லியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ஜெயராமனின் தங்க மூடி வாட்ச் வாரத்துக்கு மூன்று நிமிஷம் முந்துகிறது. "மாமனார் போட்டது. அவரைப் போலவே அவசரம்" என்றார். கோவிந்தனுடையதில் நிமிஷ முள்ளே கிடையாது. கழன்று விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. "மணி தெரிஞ்சா போதாதா? நிமிசம் யாருக்கு வோணும்?" என்கிறான்.

இன்று எல்லோர் கண்ணும் தங்கவேல் கைமேல்தான். ஆவடி மிலிட்டரி ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிறான். ஊருக்குத் திரும்பும் ஒரு சார்ஜெண்டிடம் வாங்கினானாம். கறுப்பு முகம், ரேடியம் முள், செகண்டுக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் என்னிடம் கொடுத்தான்.

"காதுல வச்சிப் பாரு அண்ணாத்தே. இன்னா நைசா ஓடுது!"

வலது காதில் வைத்தேன். "ஓடலியே. சாவி குடுத்தியா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். குனிந்து பார்த்தால் செகண்ட் முள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரோட்டு இரைச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்போது ரோட்டில் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

12-2-45

என் வாட்சையே வைத்துப் பார்த்தேன். இடது காதில் எங்கோ தூரத்தில் எறும்பு நடக்கிற மாதிரி. வலது காதில் ஒன்றுமே இல்லை. எத்தனை நாளாக இப்படி? எப்படித் தெரியாமல் போயிற்று?

20-2-45

தந்திக் கருவிக்குப் பின்னால் காலி சிகரெட் தகர டப்பா ஒன்றைச் சொருகி வைத்தேன். கட்கட்டென்று நன்றாகக் கேட்கிறது. பழைய சிக்னலர்களும் இப்படிச் செய்வதுண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

27-2-45

நாலு மணிக் குறியைத் தவறவிட்டேன். ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து என் வாட்சைத் திருப்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என்னைப் பார்த்துத் திருப்பிக்கொள்வார்கள்.

4-3-45, ஞாயிறு

எழுதக் கூசுகிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

கடையிலிருந்து திரும்பும்போது தங்கவேல் கொஞ்ச தூரம் கூட வந்தான். சைக்கிளை நிறுத்தச் சொல்லி என் முகத்துக்கு நேரே நின்றான். "கோச்சிக்காதே அண்ணாத்தே. எங்க ஷாப்புல ரிவிட் அடிக்கிறவனுங்க இப்டித்தான், வாயப் பாத்துகினே பேசுவானுங்க. நீயும் அப்டித்தான் பாக்குற. ஒனக்குக் காது சரியா கேக்கல, இல்ல?"

எத்தனை அன்பாகக் கேட்டான்! நான் என்ன சொன்னேன்? "கையில வாச்சு ஏறினதும் வாயும் நீண்டு போச்சா? ஒங்கப்பன் எங்க களத்துல தலை நிமிராம நின்னவன்."

அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தகப்பனை இழுத்துப் பேச எனக்கு என்ன வந்தது? பயம். வேறொன்றுமில்லை.

18-3-45

இரண்டாவது ஞாயிறாகத் தங்கவேல் வரவில்லை. கோவிந்தன் காரணம் கேட்டான். தெரியாது என்றேன்.

21-3-45

மிலிட்டரி ஸ்பெஷல் 5.10-க்கு எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும் என்று அடுத்த ஸ்டேஷன் சிக்னலர் மணவாளன் தந்தி அடித்தார். தந்தி பாஷையில் ஐந்துக்கு ஐந்து புள்ளி. ஆறுக்கு முதலில் ஒரு கோடு, பிறகு நாலு புள்ளி. எனக்கு ஆறாகக் கேட்டது. 6.10 என்று எழுதி கேட்காரன் வேம்புலிக்கும் அப்படியே சொல்லி அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு மேல் கேட் திறந்தே கிடக்கிறது. வைக்கோல் வண்டி ஒன்று, மேலே இரண்டு பெண்கள். வேம்புலி தற்செயலாகப் புகையைப் பார்த்திருக்கிறான். ஓடிப்போய் மாட்டை மூக்கணாங்கயிற்றோடு பிடித்து இழுத்திருக்கிறான். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிய அதே மூச்சில் இன்ஜின் போயிற்று. ஒரு பெண் கீழே குதித்துக் கால் பிசகிக்கொண்டாள். வேறு சேதமில்லை. வேம்புலிக்கும் அவன் கும்பிடும் சாமிக்கும் நூறு கும்பிடு.

ஸ்டேஷன் மாஸ்டர் நாகேந்திரன் வந்து பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். "உன் எழுத்துல ஆறுன்னுதான் இருக்கு. அப்போ அந்த மணவாளன்தான் தப்பா அடிச்சிருப்பான். ரிப்போர்ட் பண்ணிடறேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பத்து வருஷமாகத் தினம் என்னோடு தந்தியில் பேசுகிற மனுஷன். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் தலையில் விழட்டும் என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்து தாட்சாயிணியிடம் சொல்லிவிட்டேன். காது போனதையும் சேர்த்து. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"எனக்குத் தீவாளிக்கே தெரியுங்க."

"எப்படி?"

"வலது பக்கம் நடந்துகினு பேசினா பதில் வராது. அதுலேர்ந்து எங்க போனாலும் ஒங்க இடது பக்கமாதான் நடக்கிறேன். நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை. ஐந்து மாதம் ஒருத்தி என் பக்கத்தில் இடம் மாறி நடந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: "அந்த மணவாளனுக்கும் ஊடு வாசல் புள்ள குட்டி கீது இல்ல? போய்ச் சொல்லிடுங்க. கஞ்சியோ கூழோ, நாம குடிச்சிக்கலாம்."

22-3-45

மாஸ்டரிடம் சொன்னேன். தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ரிப்போர்ட்டை இன்னும் அனுப்பவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நேத்தே சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன். இன்னிக்கு நீயா வந்து சொல்றப்போ என்னன்னு திட்டறது?" என்றார். புதிதாக எழுதிய ரிப்போர்ட்டில் "தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்" என்று ஒரு வரி சேர்த்தார். அதற்காக அவரை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

நன்றாகத் தூங்கினேன்.

9-4-45

ரயில்வே டாக்டர் முதுகுப் பக்கம் நின்று குசுகுசுவென்று ஏதோ சொன்னாராம். சொன்னதே எனக்குத் தெரியவில்லை. நரம்பு, வலது திரும்பாது, இடதும் மெல்லப் போகும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். தந்தி வேலைக்கு லாயக்கில்லை. ஒரு மாத லீவு, அதற்குப் பிறகு கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கட்கட் சத்தம்தான் பதினான்கு வருஷம் எனக்குச் சோறு போட்டது. அதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அழவும் செய்தேன்.

15-4-45, ஞாயிறு

தங்கவேல் வீட்டுக்குப் போனேன். ஆவடி லைனுக்குப் பின்னால், குடிசை வரிசையில் மூன்றாவது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "நான் பேசினது தப்பு. ஒங்கப்பனைப் பத்திப் பேசினது ரொம்பத் தப்பு" என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் குடிசைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

தங்கவேல் என் இடது பக்கமாக வந்து நின்று, "நெஞ்சுல குத்திச்சி அண்ணாத்தே. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவ்ளோ தூரம் வந்து எல்லாரும் கேக்கச் சொன்ன பாரு, அத்தோட உடு" என்றான்.

அவன் அம்மா குப்பம்மா கேழ்வரகுக் கூழைத் தட்டில் ஊற்றி வைத்துவிட்டு, நான் தொடுவேனா மாட்டேனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பசி. இரண்டு தட்டுக் குடித்தேன். "மீன்கொயம்பு ஊத்தட்டா நைனா?" என்றாள். அதையும் விடவில்லை.

வேலை போன கதையைக் கேட்டதும் தங்கவேல் யோசித்தான். ஒர்க் ஷாப்பில் கருவி செக்ஷன் ஒன்று இருக்கிறதாம். ரிப்பேரான மிலிட்டரி வாட்சுகளை வரிசையாக வைத்து, ஒரு பெரிய கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எது எத்தனை செகண்ட் முந்துகிறது பிந்துகிறது என்று நாள்தோறும் எழுத ஆள் தேடுகிறார்களாம். "அதுக்குக் கண்ணுதான வோணும்? ஒன்ன மாதிரி வாச்சுப் பைத்தியம் அவனுங்களுக்கு எங்க கெடைக்கும்?"

22-4-45, ஞாயிறு

பழையபடி நாலு பேர். ஜெயராமன் என் மனுவை இங்கிலீஷில் எழுதினார். மூன்று தடவை அடித்து எழுதினார். காது விஷயத்தை மறைக்கவேண்டாம் என்றேன். "மறைப்பேனா? முதல் வரியே அதுதான்" என்றார். கோவிந்தன் கிரீஸ் கையோடு காகிதத்தைத் தொட்டுவிட்டான். நாலாம் தடவை எழுதினார்.

4-6-45

கருவி செக்ஷனில் முதல் நாள். நாற்பது வாட்சுகள், வெல்வெட் துணிமேல், ஒரே திசையைப் பார்த்து. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவனைப் போல இருந்தேன். இந்தச் சந்தோஷத்துக்கு நான் தகுதியானவனா? தெரியாது. கிடைத்திருக்கிறது.

16-8-45

யுத்தம் முடிந்துவிட்டதாம். ஒர்க் ஷாப்பில் சங்கு ஊதியதைக் காலடியில் தரை அதிர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இடது காதும் அநேகமாக மூடிவிட்டது. தாட்சாயிணி இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனாலும் இடது பக்கம்தான் வருகிறாள்.

14-10-45, ஞாயிறு

யுத்தத்துக்காக ஒரு மணி முன்னால் தள்ளி வைத்த நேரத்தை நாளை முதல் பழையபடி ஆக்குகிறார்கள். ஒன்றாகவே திருப்பிக்கொள்வோம் என்று இன்று கடையில் கூடினோம். அங்கேதான் சண்டை. முள்ளைப் பின்னால் திருப்பினால் வாட்ச் கெட்டுப்போகும் என்பது ஜெயராமன் கட்சி. தங்கவேல் முள்ளைப் பதினொரு மணி முன்னால் தள்ளச் சுற்றிக்கொண்டே இருந்தான். கோவிந்தன் ஒற்றை முள்ளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு டீ போடப் போனான். ஜெயராமனோ சாவியை இழுத்து வாட்சை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஓடவிடுவேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டார். அவருக்காக எல்லோரும் உட்கார்ந்தோம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் வந்தார். வழுக்கைத் தலை, குடை, இடது கையில் சதுர முக வாட்ச். எல்லோரிடமும் ஏதோ விசாரித்தார். அவர்கள் என்னைக் காட்டினார்கள். என்னிடம் பேசினார்; தாடியும் மீசையுமாக இருந்ததால் உதட்டைப் படிக்க முடியவில்லை. கேட்காது என்று கையைக் காட்டினேன்.

அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். வாட்ச் வாருக்கு மேலே, தோலில், விரலால் தட்டினார். கோடு, கோடு, புள்ளி, கோடு...

தந்திக்காரர்களுக்குக் கையெழுத்தைப் போலவே கைத்தட்டும் ஆளுக்கு ஆள் வேறு. கோட்டைக் கொஞ்சம் இழுத்து, புள்ளியைப் பட்டென்று விடும் அந்தக் கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு. பெயரைத் தட்டி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மணவாளன்!

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினார். என்னைக் காப்பாற்றினீர், மாஸ்டர் இப்போதுதான் சொன்னார், இல்லாவிட்டால் முன்பே வந்திருப்பேன் என்றார். ஒரு நாள் உங்களைக் காட்டிக் கொடுத்தவன் நான் என்று அவர் கையில் தட்டினேன். ஒரு நாள்தானே என்று திருப்பித் தட்டினார்.

நாங்கள் எத்தனை நேரம் அப்படியே கையைப் பிடித்துக்கொண்டிருந்தோமோ, ஜெயராமன் தம் வாட்சை ஓடவிட மறந்தே போனார்.

18-11-45, ஞாயிறு

ஒர்க் ஷாப்பில் ஆள் குறைக்கிறார்கள். இந்த மாதப் பட்டியலில் தங்கவேல் பெயரும் என் பெயரும் இல்லை. அடுத்த மாதம் எப்படியோ. இருக்கிற வரைக்கும் லாபம்.

கடையில் ஐந்து பேர். மணவாளன் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசப் பேச என் கையில் தட்டிக்கொண்டே வருகிறார். இன்று ஒரு லாரி டிரைவர் நின்று, தன் வாட்சுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்று பெருமையடித்தான். தங்கவேல் அதை வாங்கி, டியூபில் ஓட்டை பார்ப்பதற்காகக் கோவிந்தன் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். குமிழ் குமிழாக வந்தது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். தங்கவேல் நிமிர்ந்து கோவிந்தனிடம் ஏதோ சொன்னான். அவன் உதடு அசைய அசைய என் மணிக்கட்டில் விரல் ஓடியது: "பங்ச்சர்தான் மாமே. ஒட்டுப் போட்டுக் குடுத்துடு!"

வாட்சை அவசரமாகப் பிரித்துத் துடைத்து வெயிலில் வைத்தோம். ஓடுகிறது.

இத்தனை மாதமாக மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் சிரித்த பிறகே நானும் சிரித்து வைப்பேன். இன்று அவர்களோடு சேர்ந்தே சிரித்தேன்.