எந்தப் பூச்சிக்கு மருந்து

ஆனி 14, சனி

விடியற்காலை தூறல். வாசல் நசநச. காலண்டர் தாள் கிழிக்கும்போது பிள்ளைகள் பேரை ஒரு தரம் சொல்லிவிடுவது வழக்கம், ஆத்தா காதில் விழட்டும் என்று. பேரன் கோபி, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி கார் கம்பெனியில் லைன் லீடர். அவன் சொன்னால் இருபது பேர் கேட்கிறார்கள். மகள் வயிற்றுப் பேத்தி நந்தினி, அணுபுரம் குவார்ட்டர்ஸில், பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. கோபியின் அக்கா தேவி, இன்ஜினியர், கேளம்பாக்கத்தில் சொந்த ஃபிளாட், ஆறாவது மாடி, லிஃப்ட் உண்டு. நம் வம்சத்தில் முதல் பட்டம் அவள் வாங்கியது. நான் ஐந்தாவது வரைதான்.

தேவிக்கு இது ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தரம் தங்கவில்லை. இந்தத் தரம் நல்லபடி பிறந்தால் சேவல் தருவதாக ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு, சிவப்புச் சேவலின் காலில் மஞ்சள் நூல் கட்டி விட்டிருக்கிறேன். சாமி சேவல். யாரும் துரத்தக்கூடாது. நெல் காயும் பாயில் ஏறினாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வேலை: தவிடு. கூண்டுக் கதவுக் கீல். தேவிக்கு முட்டையும் முருங்கைக்கீரையும் (கோபி கையில்).

ஆனி 15, ஞாயிறு

கறிக்கு ஒரு பெட்டை அறுத்தோம். தூக்கும்போதே கனம் இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி. மருமகள் செல்வி குடலைக் கீறிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வெந்த சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. நெளிகிறது.

"இதப் பாத்தப்பறம் எனக்கு சோறு எறங்காது அத்த" என்றாள்.

சமைக்கவில்லை. புதைத்தாயிற்று. பருப்பு ரசம்.

மற்றதையெல்லாம் பிடித்துப் பார்த்தேன். கொண்டை வெளுப்பு, எச்சம் தண்ணீர். சாமி சேவலும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கூவினால் பாதியில் நின்றுவிடுகிறது. வேப்பங்கொழுந்து, மஞ்சள், பூண்டு உருண்டை. மாதாமாதம் போடுவதுதான். கேட்கவில்லை.

இவ்வளவு கோழியும் தேவிக்கு. பிள்ளை பெற்று இங்கே வந்து படுத்தால் கடையில் வாங்கியா சாறு வைப்பேன். சேவலுக்கு ஒன்று ஆனால் என்ன செய்ய. அதை நினைக்கவே கூடாது.

ஆனி 16, திங்கள்

வெயில். மகன் முருகேசன் ஷேர் ஆட்டோவை எடுக்கும்போது ஓடிப்போய்ச் சொன்னேன். "டேய், வர்றப்போ பூச்சி மருந்து ஒண்ணு வாங்கினு வா." இன்ஜின் சத்தம். "செரிம்மா" என்றான்.

ராத்திரி சின்ன பாட்டில் ஒன்றை மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். உடம்பு வலியாம். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

ஆனி 17, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது என்று கேள்வி. தீனி போடவில்லை. தண்ணீர்த் தட்டில் ஒரு மூடி கலந்தேன். நெடி. வயலில் தெளிக்கும்போது வருமே, அது. மருந்து என்றால் நெடி இருக்கத்தானே செய்யும்.

சாமி சேவலுக்கு முதல் மரியாதை. மற்றதையெல்லாம் கையால் தள்ளிவிட்டு அதை முதலில் குடிக்க விட்டேன்.

மாலை. எழுத்து கோணல்.

கொஞ்ச நேரத்தில் சேவல் வாயில் நுரை. காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. காலை நாஸ்தாவுக்கு வந்த முருகேசன் பாட்டிலைப் பார்த்தான்.

"இத்த இன்னாத்துக்கும்மா தொறந்த?"

"கோழிக்குடா. பூச்சி மருந்து."

"யம்மா. இது வெண்டக்கா செடிக்கு அடிக்கிறது. தோட்டத்துல பூச்சி கீதுன்னுதான நான் வாங்கினேன்."

"வயித்துப் பூச்சிக்குடா கேட்டேன்."

"நீ பூச்சி மருந்துன்னுதான சொன்ன?"

ஆமாம். அதுதான் சொன்னேன். எந்தப் பூச்சி என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை, உரக்கடைக்காரரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் இரண்டுக்கும் ஒரே பேர்.

செல்வி தட்டைக் கவிழ்த்தாள். ஆட்டோவில் சேவலை மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி. டாக்டரம்மா ஊசி போட்டார். "பாக்கலாம் பாட்டிமா" என்றார். என் மடியிலேயே போய்விட்டது. மஞ்சள் நூலை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தால் இன்னும் இரண்டு பெட்டைகள் போயிருந்தன. முருகேசன் ஆழமாகத் தோண்டிப் புதைத்து, மேலே கல் வைத்தான். நாய் கிளறக்கூடாது. சாப்பிடவில்லை.

"தேவிகிட்ட சொல்லாத. புள்ளத்தாச்சி. மனசுல வெச்சிக்குவா" என்றான். அவன் பெண். அவன் வாங்கியது. நான் கலந்தது.

ஆனி 18, புதன்

மறுபடி டாக்டரம்மாவிடம். எச்சத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கற்பூர டப்பாவில் போட்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுப் பெண், "இன்னா ஆயா, பிரசாதமா?" என்றாள். டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"கடையில பூச்சி மருந்துன்னா இதத்தான் எடுத்துக் குடுப்பாங்க. குடல்புழு மருந்துன்னு கேளுங்க பாட்டிமா. அதையும் என்கிட்ட வந்து கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

குடல்புழு. குடல்புழு. எழுதிக்கொண்டேன்.

சொன்னது: இருக்கிற கோழி தெளியட்டும், அப்புறம் அவர் கையால் அளந்து தருகிற மருந்து. மூன்று வாரம் விட்டு மறுபடி. குஞ்சைத் தனியே வைக்கணும். தீனியைத் தரையில் இறைக்கக்கூடாது, தட்டில் வைக்கணும். எச்சத்தில் விழும் புழு முட்டைதான் மறுபடி வயிற்றுக்குள் போகிறதாம், கண்ணுக்கே தெரியாதாம். கூண்டடி மண்ணைச் சுரண்டி வெயில் படவிட்டு, சுண்ணாம்பு தூவி, ஈரம் இல்லாமல் வைக்க வேண்டும். நான் தினம் தண்ணீர் தெளித்துக் கூட்டுவேன், சுத்தம் என்று நினைத்து.

முட்டை யாரும் தொடக்கூடாது, அவர் சொல்லும்வரை. சனிக்கிழமை தேவிக்குக் கொடுத்தனுப்பியதைக் கேட்டேன். அது விஷத்துக்கு முந்தின முட்டை, நன்றாக வேகவைத்ததென்றால் பயமில்லை என்றார். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதையே சொன்னார்.

ஆனி 19, வியாழன்

அனல். குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர்.

"நேந்துவுட்ட சேவலே பூட்ச்சாமே. இன்னா ஆவப்போவுதோ."

"தே, வாய மூடு. ஆத்தா முன்னாடியே எடுத்துக்கினான்னு வெச்சிக்கோ."

குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முதலில் பேசியதுதான் காதில் நிற்கிறது.

கூண்டடி சுரண்டியாயிற்று. சுண்ணாம்பு போதவில்லை. முருகேசன் கேட்காமலே போய் வாங்கிவந்து தூவினான். என்னிடம் பேசவில்லை. போகும்போது, "வெயில்ல நிக்காத" என்றான்.

ஆனி 20, வெள்ளி

காற்று திரும்பிவிட்டது, கடல் வாசனை. கோயிலுக்குப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு தேவி போன். எடுத்ததும், "ஆயா, சாமி சேவல் எப்டி கீது? கூவுதா?"

முருகேசன் எதிரில்தான் இருந்தான். தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. சொல்லிவிட்டேன், பாட்டில், தட்டு, மடி, எல்லாம்.

அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த மருந்து உன் கையில பட்டுதா ஆயா? சோப்பு போட்டுக் கழுவுனியா? கண்ணு எரியுதா?"

கழுவிவிட்டேன், எரியவில்லை என்றேன்.

"வேற சேவலுக்கு நூல் கட்டாத. நல்லபடியா பொறக்கட்டும், நானே வந்து பொங்கல் வெக்கிறேன். அப்பாகிட்ட குடு."

முருகேசன் வாங்கி, "ம்" என்றான். "ம்" என்றான். "நல்லா உதைக்குதாம்மா?" என்று கேட்டான். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. வைக்கும் முன் செல்லில் வீடியோவில் முகத்தைக் காட்டினாள், படம் ஆடுகிறது, பின்னால் ஜன்னல் வெளிச்சம், ஒன்றும் தெரியவில்லை. மாசமாக இருப்பவளைப் போட்டோ எடுத்தால் கண்பட்டுவிடும் என்று சொல்லி வளர்த்தவள் நான். நானே கேட்டேன். புதுசாக ஒரு போட்டோ எடு கண்ணு, செல்லில் அனுப்பாதே, பேப்பரில் கழுவித் தபாலில் போடு. முழுசாக நில். வயிறு தெரியட்டும்.