சஹர் பேசிய பதினோரு நிமிடம்

அனுப்புநர்:
சு. ஜெபராணி,
முதுகலை ஆசிரியர் (அரசியல் அறிவியல்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
ஆம்பூர் வட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: தொலைக்காட்சி விவாத வகுப்பு – என்மீதான புகார் – மாணவி சஹரின் படிப்பு நின்றது – முழுப் பதிவையும் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு டிவி விவாதத்தைப் போட்டுக் காட்டுவேன். யார் பதில் சொன்னார், யார் கேள்விக்குக் கேள்வி கேட்டு நழுவினார், நெறியாளர் யாரை எத்தனை முறை மடக்கினார் என்று நோட்டில் குறிப்பார்கள். பிறகு அவர்களே பேசுவார்கள். விதி ஒன்றுதான். முதல் ஐந்து நிமிடம் தன் வீட்டுக்கு எதிரான பக்கம். ஒரு நிமிடம் ஓய்வு. அடுத்த ஐந்து நிமிடம் தன் பக்கம். இடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

2. சென்ற மாதம் 9ஆம் தேதி, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகள் வேண்டுமா என்பது தலைப்பு. சஹரின் தந்தை வாஹித் பாஷா அவர்கள் டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுபவர். ஆகவே சஹர் முதலில் மூடச் சொல்லிப் பேசினாள். நன்றாகவே பேசினாள், அதுவே வினையாயிற்று.

3. மாணவியைத் தூண்டிவிட்டுப் பேச வைத்தேன் என்பதே புகார்; இனி எழுதுவது அதில் இல்லை. சஹர் பேசியதை என் போனில் எடுத்திருந்தேன்; பதிவு பெரிதாக இருந்ததால் இரண்டாக வெட்டி, வீட்டுக்குப் போகும் பேருந்திலிருந்தே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பாதி போயிற்று. இரண்டாவது போகவில்லை. போனைக் கைப்பையில் போட்டவள் மறுநாள் காலைதான் பார்த்தேன். அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. டிவிக்காரர்கள் பாதியை வெட்டிக் காட்டுகிறார்கள் என்று ஆண்டு முழுக்கக் குறை சொன்ன நானே அதைச் செய்தேன். வெட்கப்படுகிறேன்.

4. சோறு போடும் இடத்தையே உன் பெண் மூடச் சொல்கிறாளே என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டதாக வாஹித் பாஷா அவர்கள் பள்ளிக்கு வந்து சொன்னார். சத்தம் போடவில்லை. ஜாஸ்தி படிக்க வெச்சது என் தப்பு டீச்சர் என்றார். மறுபாதியைக் காட்டப் போனேன். நான் மாட்டிக்கொண்ட பிறகு அவளைப் பேச வைத்து எடுத்தது என்று சொல்லி, பார்க்காமலே எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து சஹர் வரவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு.

5. அந்த மறுபாதியில் சஹர் சொல்கிறாள்: டேனரியை மூடினால் ஆறு பிழைக்கும், எங்கள் வீட்டு அடுப்பு அணையும். இரண்டையும் சேர்த்துப் பேச டிவிக்கு ஒருத்தரும் வருவதில்லை. ஏனென்றால் எங்க அப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை.

6. எனக்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்கிறேன். வகுப்பை நிறுத்தச் சொன்னால் கீழ்ப்படிவேன்; சரியென்று ஒப்ப மாட்டேன். வெட்டாத அசல் பதிவை இணைத்துள்ளேன். நான் சொன்னால் சஹரின் தந்தை நம்ப மாட்டார், தாங்கள் அழைத்தால் வந்து உட்காருவார். விசாரணை நாளில் வாஹித் பாஷா அவர்களுக்குப் பதினோரு நிமிடத்தையும் நடுவில் நிறுத்தாமல் காட்டி, சஹரைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுமாறு பணிந்து வேண்டுகிறேன். பார்த்து முடித்ததும் அவருக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள், ஐயா. யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

இணைப்பு: மெமரி கார்டு – 1

இடம்: ஆம்பூர்
நாள்: 02.02.2026

தங்கள் அழைப்பை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
சு. ஜெபராணி