முதலில் தண்ணீர்

ஜனவரி 20, திங்கள்
கட்டு மாற்றச் சூளகிரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமான் மாதிரி. நர்ஸம்மா ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "இல்லீங்க." வலி இல்லையென்றால் நல்லதுதானே என்கிறார்கள் வீட்டில். சரி.

ஜனவரி 21
காய் நறுக்க வரவில்லை. ரசம் மட்டும்.

ஜனவரி 23, வியாழன்
சூப்பர்வைசர் சுரேந்தர் ஆப்பிளோடு வந்தார். திங்கட்கிழமை கம்பெனியில் விசாரணையாம்.

நடந்தது இவ்வளவுதான். முலாம் போடும் தொட்டியில் ஆசிட் ஊற்றும்போது கேன் நழுவி என் கையில் கொட்டியது. கூட வேலை செய்யும் ரூபா ஒரு மக் காஸ்டிக் சோடாவை அதன் மேலேயே ஊற்றினாள். கை வெந்ததற்கு ஆசிட் பாதி, அது பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மேல பட்டா கழுவறதுக்குன்னே ஷவர் பக்கத்துலயே இருக்கு. அந்தப் பொண்ணு எதுக்குக் காஸ்டிக்க எடுத்துச்சு? அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் சுரேந்தர். சொன்னால் ரூபாவுக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். தலையாட்டி வைத்தேன்.

எனக்கு நினைவிருப்பது வேறு. நான் கத்தியதும் ரூபா என்னை விட்டு ஓடினாள். எங்கோ இரும்பு கிலுகிலுத்தது. அப்புறம்தான் மக்கோடு வந்தாள்.

அவள்மேல் கோபம் வரவேண்டும் இல்லையா? தேடிப் பார்க்கிறேன். இல்லை.

ஜனவரி 24, வெள்ளி
மகள் கவிப்ரியாவுக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் — காலையிலிருந்து இதே பாட்டு.

மஞ்சள் கறை பட்ட துணியைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். சிவந்துவிட்டது. ரத்தம் என்று நினைத்தேன். பயம்கூட வரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். மகள் ஓடிவந்தாள். "சோப்பு காரம்மா, அதான். எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பழையபடி மஞ்சளாயிடும்." பிழிந்தாள். ஆனது. துணிக்குச் சரி.

"ஆனா மேல பட்டா இப்படி பண்ணக் கூடாதும்மா. ரெண்டும் சேர்றப்ப சூடாகுமாம். மொதல்ல தண்ணிதான் ஊத்தணுமாம், நெறைய."

காஸ்டிக்கும் காரம்தான். ரூபாவும் இதைப் படித்தவள்தான். உப்பும் நீரும் மனதில் நின்றிருக்கிறது, சூடு நிற்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு
ரூபா வந்தாள். உள்ளே வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன்ன உட்டுட்டு ஓடலக்கா. ஷவருக்குத்தான் ஓடுனேன். செயின இழுத்து இழுத்துப் பாத்தேன். துருதான் கொட்டுச்சு, ஒரு சொட்டு தண்ணி இல்ல. அப்பறந்தான்... ஆசிட்டு உப்பாயிரும்னு நெனச்சிட்டேன்க்கா..."

அந்தக் கிலுகிலுப்பு — அட பாவி, அதுவா அது!

என்ன சொன்னேன் அவளிடம்? "சாப்பிட்டியா?" என்றேன். ரசத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன். வாசல்படியிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

ஜனவரி 27, திங்கள்
விசாரணை. மேனேஜர் கேட்டார், "ரூபா காஸ்டிக் ஊத்துனது உண்மையா?"

"உண்மைங்க."

சுரேந்தர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு முன்னாடி அவ ஷவர் செயின இழுத்தா. வாங்க, எல்லாரும் இப்ப இழுத்துப் பாக்கலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. நானே எழுந்து நடந்தேன். வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள். வலது கையால் இழுத்தேன். மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் துரு விழுந்தது, தண்ணீர் விழவில்லை. எனக்குப் படபடப்பும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வந்து தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 5
கம்பெனியிலிருந்து ஒரு பேச்சும் இல்லை.

மார்ச் 17, திங்கள்
மறுபடி வேலைக்குப் போனேன். பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். ரூபா பழைய இடத்திலேயே இருக்கிறாள். சுரேந்தர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, போகட்டும்.

ஷவருக்குப் புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள். ரூபா என்னை நேராக அங்கே கூட்டிப் போய், "இழுத்துப் பாருக்கா" என்றாள். இழுத்தேன். தலையோடு கொட்டியது. அவள் சிரித்தாள். இடது கையை நீட்டினேன். நான்கு விரலில் ஒன்றுமில்லை. சுண்டுவிரலில் மட்டும், ஓரமாக, சில்லென்று.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை. ரூபா பயந்துபோய்க் குனிந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லடி. தெரியுது."