யம்னா பஸ் ஏறவில்லை

அன்புள்ள ஸோஹ்ராவுக்கு,

உன் ஃபரஜ் எழுதுவது. அந்தப் பெரிய ஊரில் இறைவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பானாக. நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். டூனிஸ் பஸ் நிலையத்தில் நின்று, எல்லோரும் இறங்கியும் யம்னா இறங்காததைப் பார்த்து நீ எப்படித் துடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், பின்னால் கடிதம் வரும் என்று டிரைவர் ஸாலிமிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். சொன்னாரா? இதோ முழுவதையும் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. பயப்படும்படி ஒன்றுமில்லை.

நாம் பேசி வைத்தபடிதான் எல்லாம் நடந்தது. உன் மேடம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறுமி வேண்டும் என்று கேட்டதும், இங்கே பள்ளிக்கூடத்து முன்ஸிஃப் சார் நம் மகளுக்குப் படிப்பு ஏறாது என்று கைவிரித்ததும் ஒரே சமயத்தில் வந்தன. இதுதான் விதி போல என்று நாமும் எடுத்துக்கொண்டோம். அவர் என்னிடம் சொன்னதை உனக்கு அப்போது முழுதாக எழுதவில்லை. "உங்க ஜனங்களுக்குப் படிப்பு கொஞ்சம் தூரந்தான் ஃபரஜ். வேலைக்குப் போனாலாவது புள்ள வயிறாரச் சாப்பிடுவா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். டீகூட வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்துவிட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று காலை அவளுடைய துணிமணி, உனக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழம், தோட்டத்து மருதாணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினோம். தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையில் அவள் முன்னால் போனாள், நான் மூட்டையோடு பின்னால். எங்களுக்குப் பின்னாலிருந்து தோட்ட முதலாளி ஹாஜ் தாஹிரின் மருமகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஆரன் அடித்தான், நான் ஒதுங்கிக்கொண்டேன். யம்னா ஒதுங்கவில்லை. மறுபடி அடித்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் பாட்டுக்குப் பாதை நடுவில் போய்க்கொண்டிருந்தாள். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை இழுத்தேன். அவன் வண்டியை ஒடித்துத் திருப்பி, வாய்க்காலில் போய் விழுந்தான்.

அவனுக்கு அடி ஒன்றும் இல்லை. இடுப்புவரை சேறு. எழுந்து நின்று, "செவிடா இவ? வஸீஃப் குட்டிக்குக் காது எதுக்கு, அடகு வெச்சிருப்பா" என்று கத்தினான். வஸீஃப் என்று, அடிமை என்று கூப்பிடுவது நமக்கு என்ன புதிதா? வழக்கம்போல மன்னிப்புக் கேட்டு வண்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஆனால் அவன் சொன்னதில் முதல் சொல் மட்டும் என்னை விடவில்லை.

பிறகு அவளை முன்னால் போகவிட்டுப் பின்னாலிருந்து மெதுவாக யம்னா என்றேன். திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னேன். கை தட்டினேன். ஊருக்குள் போனதும் அல்வா வாங்கித் தருகிறேன் என்றேன். அல்வாவுக்குத் திரும்பாத பிள்ளை உலகத்தில் உண்டா, ஸோஹ்ரா? முன்னால் போய் நின்று அதையே சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. அவள் பார்த்தது என் கண்ணை இல்லை, என் வாயை. எல்லோருடைய வாயையும்தான் அப்படிப் பார்க்கிறாள். முறைக்கிறாள், திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேசினார்களே, அது இதுதான். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கடைசி பெஞ்சிலிருந்து அவளுக்கு சாருடைய வாய் எப்படித் தெரியும்?

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஸாலிம் மூட்டைக்குக் கை நீட்டினார். மூட்டையை மட்டும் கொடுத்தேன், மகளைக் கொடுக்கவில்லை. அங்கிருந்து நேராக காபேஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே சீட்டு எழுதுகிறவர் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முதலில் அனுப்பினார். கேட்டால், உன் முறை வரும் என்றார். வந்தது, மத்தியானம் தாண்டி. ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. ஸ்ஃபாக்ஸிலிருந்து வருகிறவராம். சின்ன விளக்கை வைத்து இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, காய்ச்சல் வரும்போதெல்லாம் காதில் சீழ் வைத்திருக்கிறது, இவ்வளவு நாள் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். நம்மூர் மருந்தகத்துக்கு நீயும்தானே தூக்கிக்கொண்டு போனாய். அந்த நர்ஸ் பிள்ளையைத் தொடாமலேயே, உங்கள் கறுப்புத் தோல் கெட்டி, உங்கள் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினாளே. அதைச் சொன்னேன். டாக்டரம்மா அந்தச் சின்ன விளக்கை மேஜையில் வைத்தார். அப்புறம், "தாங்கியிருக்கா. அதுக்குன்னு தாங்க விட்டிருக்கக் கூடாது" என்றார்.

இடது காதில் சவ்வு ஓட்டையாகியிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிறகு ஸ்ஃபாக்ஸில் அதைச் சரிசெய்யலாமாம், அதுவரை தண்ணீர் படக்கூடாது. வலது காதில் ஓட்டை இல்லை, வெறும் அடைப்பு. மருந்து விட்டு, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தார். யம்னா என் விரலைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. வேலை முடிந்து டாக்டரம்மா ஒரு காகிதத்தை மடித்தார். அந்தச் சத்தத்துக்கு நம் மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் பழக்கதோஷத்தில், வலிக்கிறதா என்று உரக்கக் கேட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, ஏன் கத்துற?"

வெளியே காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் மூடவில்லை. அது என்ன சத்தம், இது என்ன சத்தம் என்று தவளையிலிருந்து என் செருப்புவரை கேட்டாள். நான் தூக்கத்தில் குறட்டை விடுகிறேன் என்பதும் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா கொடுத்த சீட்டோடு முன்ஸிஃப் சாரைப் பார்த்தேன். படித்துவிட்டுச் சீட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வருத்தப்படுகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவரே யம்னாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார், ஹாஜ் தாஹிரின் பேத்தி பக்கத்தில். அந்த வீட்டுப் பெண்மணி பள்ளிக்கே வந்து, யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டாராம். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் மாற்ற முடியாது என்றாராம் சார். டாக்டர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒளிந்துகொண்டாலும் விட்டுக்கொடுக்கவில்லை, இப்போதைக்கு அது போதும். கடைசி பெஞ்சில் இன்னும் நம் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். பேசவே மாட்டான் என்கிறார்களே பிலாலின் மகன், அவனையும் வெள்ளிக்கிழமை காபேஸுக்கு அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று யம்னா எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முழுதாக எனக்கு வாசித்துக் காட்டினாள். தப்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது.

மேடம் கோபப்படலாம். பிள்ளை படிக்கிறாள், வரமாட்டாள் என்று சொல்லிவிடு. தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. அதற்காக உன்னையும் போகச் சொன்னால், வந்துவிடு. அறுப்பில் அஞ்சில் ஒரு பங்குதான் நமக்கு என்றாலும் இந்த வருஷம் மாதுளை நன்றாகக் காய்த்திருக்கிறது. ரொட்டி பார்லியாக இருந்தால் என்ன, மூன்று பேர் சேர்ந்து பிய்த்துத் தின்னலாம்.

இன்னொன்று. போன பெருநாளைக்கு நீ வந்தபோது, கதவுக்கு வெளியே நின்று அவளை எத்தனை முறை கூப்பிட்டாய். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தவள் பிள்ளையைச் சீராட்டப் போனவளைச் சொந்தப் பிள்ளை மறந்துவிட்டாள் என்று, திரும்பிப் போகும்போது பஸ்ஸில் நீ அழுதாயாம். ஸாலிம் சொன்னார். அவள் மறக்கவில்லை, ஸோஹ்ரா. கோபமும் இல்லை. அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதுளை அறுத்து முடிவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ. உள்ளே வராதே, கதவுக்கு வெளியிலேயே நின்று கூப்பிடு.

உன் வழி பார்த்திருக்கும்
ஃபரஜ்